ஐந்தாம் வார்த்தையின் பதிலாள்

என் அப்பாவின் உடம்பைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரித்த மனிதர் வேறு யாரும் கிடையாது. டாக்டர்கூட அப்படி விசாரித்ததில்லை. சாயங்காலம் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் எதிர்வீட்டு கேட் திறக்கும். கழுத்தில் கம்பளி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, சித்திரை வெயிலிலும் அதைக் கழற்றாமல், அவர் வந்து நிற்பார்.

“அண்ணன் எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க மாமா.”

அதோடு விடமாட்டார். ராத்திரி தூங்கினார்களா, இருமல் இருக்கிறதா, சளி வெள்ளையா மஞ்சளா, நேற்று கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேனே, அது உண்மையா என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தால் “நல்லதுங்க” என்பார். அந்த “நல்லதுங்க”வில் ஒரு சொட்டு ஏமாற்றம் இருக்கிறது என்று என் அம்மா சத்தியம் செய்வாள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. உண்மையான சந்தோஷத்தோடுதான் திரும்பிப் போவார். ஆனால் போகும்போது தன் தொண்டையை ஒருமுறை செருமிப் பார்த்துக்கொள்வார். அதைக் கேட்டால்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஹங்கேரி நாட்டுக்காரர். புடாபெஸ்ட் நகரத்தில் ஆபரா பாடகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபரா என்பது முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகம். கதவைச் சாத்து என்பதைக்கூட அதில் பாடித்தான் சொல்வார்கள். மைக் கிடையாது. அதில் டெனர் என்றால் ஆண்குரலிலேயே மேலே போகிற குரல். கதாநாயகன் அநேகமாக டெனராகத்தான் இருப்பான். இந்த விவரமெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு முன் ஆபரா என்றால் கண்ணாடிக் கோப்பையை உடைக்கிற மாதிரி ஒரு பருத்த அம்மாள் கத்துவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவர் மயிலாடுதுறையிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற சாலையில், பஸ் நிற்குமோ நிற்காதோ என்கிற எங்கள் ஊருக்கு எப்படி வந்தார் என்றால், ரூத் அத்தையால் வந்தார். ரூத் அத்தை எங்கள் எதிர்வீட்டுப் பெண். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. நர்சிங் படித்து வியன்னாவுக்கு வேலைக்குப் போனவள். அங்கே குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்து படுத்திருந்த ஒரு நோயாளி, மயக்கம் தெளிந்ததும் குரல் இருக்கிறதா என்று பார்க்க வார்டே அதிரும்படி ஒரு சுரம் பிடித்தாராம். அத்தை ஓடிப்போய் வாயைப் பொத்தினாளாம். பிறகு கல்யாணம் ஆயிற்று. இருவரும் வேலையை விட்ட பிறகு அத்தை தன் அப்பா வீட்டைச் சரிசெய்து குடிவந்தாள். அவரும் இரண்டு பெட்டிகளோடும் அந்த மஃப்ளரோடும் வந்து சேர்ந்தார்.

அவருடைய தமிழ் அத்தையின் தமிழ். அதனால் அத்தை யாரை எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே அவரும் கூப்பிடுவார். முறைப்படி என் அப்பா அவருக்கு மச்சான். அவரோ அண்ணே என்பார். யாரும் திருத்தவில்லை. மரியாதையை மட்டும் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. செடியைக் கடிக்க வரும் ஆட்டுக்குட்டியைக்கூட “வெளிய போங்க, தயவுசெஞ்சு போங்க” என்றுதான் விரட்டுவார். அது நின்று நிதானமாகத் தின்றுவிட்டுப் போகும்.

இனி எங்கள் வீட்டுப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் லுத்தரன் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை நண்பகலிலிருந்து மூன்று மணி நேரம் ஆராதனை நடக்கும். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பாட்டு. தாகம் என்று ஆண்டவர் சொன்ன ஐந்தாம் வார்த்தைக்கு உரிய பாட்டு எங்கள் குடும்பத்துடையது. அப்பாவின் பூட்டனார் கட்டியது. எங்கள் வீட்டு ஆண்கள்தான் வழிவழியாக அதைத் தனியாக நின்று பாடுவார்கள். முகாரியில் அழுதுகொண்டே கிளம்பி, நடுவில் ஜெர்மன்காரர்களின் கோயில் ராகத்தில் போய் முட்டிக்கொண்டு, மறுபடி முகாரிக்கே திரும்பும் பாட்டு அது. “ஆறு கொடுத்தவர்க்கு ஒரு வாய் நீரில்லை” என்பது அதன் பல்லவி. காவிரித் தண்ணீரை நம்பிப் பிழைத்த மனிதர் வேறு எப்படி எழுதுவார்? கடைசிச் சரணத்தில் அந்த நீரில்லை என்ற சொல் படிப்படியாக மேலே ஏறி உச்சியில் போய் நிற்கும்.

அப்பாவுக்கு அந்த உச்சி ஒரு பொருட்டே இல்லை. அவர் பாசனத் துறையில் லஸ்கராக இருந்தவர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகைத் திறந்து மூடுகிற வேலை. இந்தக் கரையில் நின்று அந்தக் கரை ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல். அதோடு எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. பாடுகிறவர் அன்று விடிந்ததிலிருந்து பாடி முடிக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடக்கூடாது. தாகத்தைப் பாடுகிறவன் தாகத்தோடு பாட வேண்டும். கோயிலில் கீபோர்டு வாசிப்பது நான் என்பதால், நா வறண்டு உதட்டில் வெள்ளை பூத்து அப்பா பாட நிற்பதை வருஷா வருஷம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரே பிள்ளை நான். பெண் பாடலாமா கூடாதா என்ற விவாதம் எங்கள் ஊரில் எழவே இல்லை. என் குரலைக் கேட்டவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவதற்கு வழியில்லை.

ஹங்கேரி மாமா வந்த முதல் வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டார். மறுநாள் காலையில் ரூத் அத்தையோடு ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, ரொம்ப நல்லாப் பாடுனீங்க.”

அப்பா அதை எதிர்பார்த்துத்தான் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடக்கமாகச் சிரித்தார்.

“உங்களுக்குப் பதில் ஆளு யாருங்க?”

“பதில் ஆளுன்னா?”

“நீங்க திடீர்னு விழுந்துட்டா யாரு பாடுவாங்க?”

காபி கொண்டுவந்த அம்மா நடையிலேயே நின்றுவிட்டாள். ரூத் அத்தை அவசரமாக, “உடம்புக்கு முடியாமப் போனா யாருன்னு கேக்குறாங்க அண்ணே” என்றாள்.

“எனக்கு ஏன் முடியாமப் போவணும்?” என்றார் அப்பா.

“போகக் கூடாதுங்க. நான் தினம் ஜெபம் பண்றேன். ஆனா போனா, நான் இருக்கேன். அடுத்த வருஷத்துலேருந்து நான் தயாரா நிக்கிறேன்.”

அவர்கள் போன பிறகு அப்பா அந்தப் பழத்தைத் தொடவில்லை. “என் சாவுக்கு அட்வான்ஸ் புக்கிங் பண்ணிட்டுப் போறான் மாப்ளை” என்றார். அன்று சாயங்காலமே அத்தை தனியாக வந்து சமாதானம் சொன்னாள். அவர்கள் ஊரில் பெரிய பாடகர்களுக்கு மட்டும்தான் பதிலாள் வைப்பார்கள், கண்டவனுக்கும் வைக்கமாட்டார்கள், உங்களை அவ்வளவு மதித்துக் கேட்டார் என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்த வாரம் முழுக்க ஏதாவது சாக்கில் “பெரிய பாடகர்னா பதிலாளு உண்டாம்ல” என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். பழத்தையும் ராத்திரிக்குள் தின்று தீர்த்துவிட்டார்.

ஹங்கேரி மாமா சொன்னபடியே செய்தார். சனிக்கிழமை பயிற்சிக்குக் கோயிலுக்கு வந்து கீபோர்டு பக்கத்தில் நின்று அந்தப் பாட்டை என்னிடம் கற்றுக்கொண்டார். பாட்டை மட்டுமல்ல, என் அப்பாவையும் கற்றுக்கொண்டார். அப்பா எங்கே மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லை மூக்கால் இழுப்பார், இரண்டாவது சரணத்தில் எங்கே எப்போதும் தாளத்தை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு வேண்டும். “அந்த இடம் தப்பு மாமா, அப்பா வருஷா வருஷம் தப்பாத்தான் பாடுவாங்க” என்றேன். “தப்பு அவங்களோடதுங்க. பதில் ஆளு அதைத் திருத்தக் கூடாது” என்றார்.

அந்தப் பயிற்சி நாட்களில்தான் அவருடைய வாழ்க்கை துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது. புடாபெஸ்ட் மேடையில் அவர் தூதனாக வந்திருக்கிறார், குடிகாரனாக வந்திருக்கிறார், ராஜாவின் சமையல்காரனாக வந்திருக்கிறார். சின்னச் சின்ன வேஷங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு செய்தியைப் பாடிவிட்டு உள்ளே போய்விட வேண்டியதுதான். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் அது இல்லை. கதாநாயகனுக்குப் பதிலாள். எல்லாக் கதாநாயகர்களின் பாட்டும் அவருக்கு மனப்பாடம். நாடகம் நடக்கிற அன்றைக்கு மது கிடையாது, குளிர்ந்தது கிடையாது, ஊரைவிட்டு வெளியே போக முடியாது. சாயங்காலம் குரலைச் சூடேற்றி வைத்துக்கொண்டு உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி அங்கம் தொடங்கும் மணி அடித்தால் வீட்டுக்குப் போகலாம்.

“கூப்பிட்டதே இல்லையா மாமா?”

“கூப்பிட்டாங்க. ஒருத்தருக்கு மூக்குலேருந்து ரத்தம் நிக்கலை. நான் போய் முதல் அங்கம் பாடுனேன், ரெண்டாவது அங்கமும் பாடுனேன். அப்புறம் ரத்தம் நின்னுடுச்சு. அவங்க வந்துட்டாங்க.”

“அய்யோ.”

“ஏன் அய்யோ? அவங்களுக்கு சரியாப் போச்சே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். “எங்க நாடகத்துல கதாநாயகன் கடைசி அங்கத்துலதான் சாவாங்க. எனக்கு மேடையில சாகக் குடுத்து வைக்கலைங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார் என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியுமா? எங்கள் ஊரில் ஒருவனைப் பந்தியில் இரண்டாவது வரிசைக்கு உட்காரச் சொன்னால் அதற்கே தலைமுறைப் பகை வரும்.

எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் நாடகத்தில், குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவருகிற மூன்றாவது ராஜா ஒருமுறை வரவில்லை. அந்த வேஷக்காரரின் வயலில் மழைத் தண்ணீர் தேங்கி, வடிகாலை வெட்டிவிடப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். போதகர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஹங்கேரி மாமா எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். உள்ளே ராஜா உடை. யாரும் சொல்லாமலே தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வசனமும் தயார். கிரீடத்தை வைத்துக்கொண்டு குழந்தையின் முன் மண்டியிட்டு, “வெள்ளைப்போளம் கொண்டுவந்தேனுங்க” என்று அவர் தொடங்கினபோது, முழங்கால்வரை சேற்றோடு நிஜமான ராஜா கோயில் வாசலில் வந்து நின்றார். மாமா அந்த நிமிஷமே எழுந்தார். கிரீடத்தைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். போளப் பெட்டியைக் கையில் கொடுத்தார். ஒதுங்கிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஆள் வந்துவிட்டால் இடத்தை விட வேண்டியதுதானே என்பது போல நின்றிருந்தார்.

பெரிய வெள்ளிக்கிழமைகளிலும் அப்படித்தான். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, போதகர் அங்கி அணிகிற வெஸ்ட்ரி அறைக்குள் போய்விடுவார். அதன் கதவு என் கீபோர்டுக்கு நேர் பின்னால். ஐந்தாம் பிரசங்கம் முடியும்போது கதவு ஒரு சாண் திறக்கும். அப்பா பாடி முடித்ததும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். ஒருவருக்கும் அவர் தேவைப்படவில்லை. வருஷங்கள் போயின. அப்பாவுக்கு எழுபது தாண்டிற்று.

குரல் போகத் தொடங்கியதை அப்பாவுக்கு முன்னால் கண்டுபிடித்தவரும் அவர்தான். விசாரணை கேட்டைத் தாண்டி எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டது.

“அண்ணே, இந்த வருஷம் தண்ணி குடிச்சுட்டுப் பாடுங்க.”

“ஆண்டவர் குடிச்சாரா?”

“ஆண்டவர் பாடலைங்க. நீங்க பாடணும். காஞ்ச தொண்டையில மேல போனா குரல் கிழிஞ்சிடும்.”

“என் தாத்தா, அப்பா எல்லாம் காஞ்ச தொண்டையிலதான் பாடுனாங்க. எனக்குக் கிழியறப்ப கிழியட்டும் மாப்ளை. நீங்கதான் இருக்கீங்களே, தயாரா.”

குத்தலாகத்தான் சொன்னார். மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, “ஆமாங்க, இருக்கேன்” என்றார். அவரிடம் சண்டை போடுவது அவ்வளவு கஷ்டம்.

அந்த வருஷம் கிழிந்தது. கடைசிச் சரணம். நீரில்லை என்ற சொல் மேலே ஏறத் தொடங்கியது. பாதி வழியில் அப்பாவின் வாய் திறந்திருக்க, காற்று மட்டும் வந்தது. என் விரல்கள் கீபோர்டில் அந்தச் சுரத்தையே அழுத்திக்கொண்டு நின்றன. கோயிலில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது அந்தச் சொல் மேலே ஏறியது. அப்பாவின் குரல்தான். அதே மூக்கு, அதே இழுப்பு, வயதான அதே நடுக்கம். ஆனால் அப்பாவின் வாயிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். கதவிடுக்கில் மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வெஸ்ட்ரிச் சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். சத்தம் சுவரில் பட்டு, எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் கோயிலுக்குள் பரவியது. ஒரு அரங்கத்தையே நிறைக்கிற குரலைச் சுருக்கிச் சுருக்கி ஒரு கிழவரின் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். அப்பா ஒரு கணம் திகைத்தார். பிறகு வாயை மட்டும் அசைத்தார்.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு அப்பாவின் கையைப் பிடித்தார்கள். “இந்த வருஷம் கடைசி சரணம் பிரமாதம் அண்ணே.” அப்பா குனிந்தபடி, “எல்லாம் ஆண்டவர் கிருபை” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

ரூத் அத்தைக்கு மட்டும் தெரிந்துபோயிற்று. நாற்பது வருஷம் அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாமல் இருக்குமா? சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“காலம் பூரா காத்துக் கெடந்து, கடைசியில பாடுனதும் இன்னொருத்தர் பேர்லயா? உங்களுக்கு ரோஷமே கெடையாதா?”

“யாருக்கும் தெரியலை ரூத்தம்மா” என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. “ஒருத்தருக்கும் தெரியலைங்க.” பரிசு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி நின்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது.

அந்த வருஷம் முழுக்க அப்பா வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. எதிர்வீட்டுக் கேட் திறந்தால் உள்ளே எழுந்து போய்விடுவார். மாமா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல என்னை நிறுத்தி, சளி என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இருந்த சிக்கல் இதுதான். மறுபடி பாடப்போய் மறுபடி குரல் நின்றால், நாலு தலைமுறைப் பாட்டு எல்லார் முன்னாலும் கேவலப்பட்டுப் போகும். முடியாது என்று சொல்லிவிட்டால் பாட்டு குடும்பத்தைவிட்டே, ஊரைவிட்டே, ஒரு வெளிநாட்டுக்காரர் வாய்க்குப் போய்விடும். இரண்டில் எதையும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மாவிடம்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த பெரிய வெள்ளி. நான்காம் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது அப்பா எழுந்து வெஸ்ட்ரிக்குள் போனார். பயந்துபோய் நானும் பின்னால் போனேன். மாமா கறுப்புக் கோட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவைக் கண்டதும் எழுந்தார்.

“மாப்ளை, எனக்குக் காய்ச்சல். நீங்க பாடிடுங்க.”

மாமா அப்பாவின் நெற்றியில் புறங்கையை வைத்தார். கழுத்தில் வைத்தார். “ஆ காட்டுங்க” என்றார். அப்பா என்ன நினைத்தாரோ, காட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமா தலையாட்டினார்.

“காய்ச்சல் இல்லைங்க. நீங்க நல்லா இருக்கீங்க. நீங்கதான் பாடணும்.”

“நான்தான் சொல்றேன்ல, முடியலைன்னு.”

“அண்ணே, பெரியவங்க நல்லா இருக்கறப்ப பதில் ஆளு பாடக்கூடாது. அது திருட்டு.”

வெளியே போதகரின் குரல் தணியத் தொடங்கியிருந்தது. பிரசங்கம் முடியப்போகிறது என்று அர்த்தம். நடுவில் ஒரு சபைப் பாட்டு, பிறகு ஐந்தாம் பிரசங்கம், அதன் பிறகு எங்கள் பாட்டு. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. குரல்தான் செத்துப்போச்சு. போன வருஷமே செத்துப்போச்சு. உங்களுக்குத் தெரியாதா?”

அந்த வார்த்தையை என் அப்பா வாயால் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. மாமாவுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனிதர் விடவில்லை. மேஜைமேல் இருந்த பிளாஸ்கை எடுத்து நீட்டினார். “வெதுவெதுன்னு இருக்கு. ரெண்டு வாய் குடிங்க. குரல் வந்துடும்.”

அப்பா பிளாஸ்கை வாங்கினார். அது கழுத்துவரை நிறைந்திருந்தது. நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தார். அந்த உதடுகள் வெடித்து வெள்ளை பூத்திருந்தன.

“நீங்க தண்ணி குடிக்கலையா?”

“இல்லைங்க.”

“எப்பலேருந்து?”

“விடிஞ்சதுலேருந்து. பாட்டோட முறை அதுதானே.”

“என்னையக் குடிக்கச் சொல்லி மல்லுக்கு நின்னீங்களே?”

“நீங்க பாடகர். நான் உங்களப் பாத்துக்கணும். நான் பதில் ஆளு. முறையைப் பாத்துக்கணும்.”

“எத்தனை வருஷமா இப்படி இருக்கீங்க?”

“எல்லா வருஷமும்ங்க.”

அப்பா பிளாஸ்கை மேஜைமேல் வைத்தார். மாமாவின் கோட்டுக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை நிமிர்த்திவிட்டார்.

“நீங்கதான் பாடணும் மாப்ளை” என்றார். “இது காய்ச்சலுக்குச் சொல்லல, பதிலாளாவும் சொல்லல.”

ஐந்தாம் பிரசங்கம் முடிந்ததும், கதவு முழுதாகத் திறந்து மாமா வெளியே வந்தார். கோயிலில் ஒரு சலசலப்பு. அப்பா கையை அமர்த்திக் காட்டிவிட்டு, உட்கார இடம் தேடினார். பாடகராகவே இருந்தவருக்குப் பெஞ்சில் சொந்த இடம் கிடையாது. கடைசி வரிசையில் தூண் ஓரமாக ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

முதல் இரண்டு சரணங்களையும் மாமா அப்பா பாடுவது போலவே பாடினார். தாளம் விட்டுப் பிடிக்கிற இடத்தில்கூட விட்டுத்தான் பிடித்தார். கடைசிச் சரணத்தில் அதுவரை எங்களுக்கு அவர் காட்டாத குரல் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் கீபோர்டுமேல் இருந்த மூக்குக்கண்ணாடி நகர்ந்தது. வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கோயில் வாசலுக்கு வந்து நின்றார்கள். மேலே ஏறி, உச்சியில் நின்று, இறங்கி, பல்லவிக்கு வந்து அவர் முடித்தபோது ஒரு குழந்தைகூட அழவில்லை. பாதியில் வந்து யாரும் இடத்தைக் கேட்கவும் இல்லை.

அதன்பிறகு நாலு வருஷம் அந்தப் பாட்டை அவர்தான் பாடினார். இப்போது எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். ரூத் அத்தை தூத்துக்குடியில் தங்கை மகளோடு இருக்கிறாள். நான் அவரை நினைத்துக்கொள்ளும்போது நினைவுக்கு வருவது அந்த உச்ச சுரம் இல்லை. அன்றைக்கு ஆராதனை முடிந்து, கோயில் பந்தலில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். உபவாசம் விடுகிற கஞ்சி. அப்பாவும் அவரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் துவையல் வைத்துக்கொண்டு வந்தேன். அப்பா கஞ்சியைத் தொடாமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு துக்கமான பாட்டுன்னு எனக்குத் தெரியாது மாப்ளை” என்றார். “வாழ்நாள் பூரா பாடியிருக்கேன். ஒரு தடவைகூட உக்காந்து கேட்டதில்ல.”

மாமா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முழங்காலில் கை வைத்தார்.

“நான் வருஷா வருஷம் கேட்டேனுங்க” என்றார். “ரொம்ப நல்லா இருந்துச்சு.”